சொட்டு சிஸ்டர்

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. புடவைமேல் போட்டிருந்த வெள்ளைக் கோட்டில் குத்தியிருந்த அட்டையில் அது பெரிய எழுத்தில் இருந்தும், வார்டில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. குறைமாதத்தில் பெற்றுவிட்டு வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியின் மூன்றாம் மாடியில் வாரக்கணக்கில் கிடந்த எங்களுக்கு அவர் சொட்டு சிஸ்டர். குழந்தையின் குதிகாலில் குத்தி, நாலைந்து சொட்டு ரத்தம் எடுத்துக்கொண்டு போவதுதான் அவர் வேலை.

முதலில் தன் கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்வார். பிறகு கண்ணாடிப் பெட்டியின் ஓட்டை வழியாகக் கையை விட்டு, குழந்தையின் பாதத்தை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு நிற்பார். அந்தப் பாதம் அவருடைய கட்டைவிரல் நீளம்கூட இருக்காது. மூன்று நான்கு நிமிடம் அப்படியே நின்றபிறகு ஒரு குத்து. சொட்டு எழும்பி வந்ததும் மெல்லிய குழாயை நீட்டுவார். அடுத்த சொட்டுக்குத் தாமதமானால் அதற்கும் நிற்பார். மற்ற நர்சுகள் அமுக்கி எடுத்துவிட்டு அடுத்த பெட்டிக்குப் போய்விடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது, ஆளுக்கு ஆறு பிள்ளைகளைப் பார்க்கவேண்டும். இவர் மட்டும் பிழியமாட்டார்.

"தானா வரணும்மா. பிழிஞ்சா ரத்தம் பொய் சொல்லும்" என்பார்.

அது ஏதோ பக்திப் பேச்சு என்றுதான் முதலில் நினைத்தேன். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தைத்து வரும் மேல்தோலில் குறை பார்ப்பது என் வேலை. எதையும் சந்தேகப்பட்டே பழக்கம். "ரத்தம் எப்படி சிஸ்டர் பொய் சொல்லும்?" என்று ஒருநாள் கேட்டேன். கோபித்துக்கொள்ளாமல் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார்.

"மாசம் ஆவாம பொறந்த கொழந்தைக்கு மூளையில ரத்தக்கொழாய் ரொம்ப மெல்லிசு. சில பிள்ளைங்களுக்கு மொத ரெண்டு மூணு நாள்ல கசிஞ்சிடும். ஸ்கேன்ல தெரியறப்போ லேட்டாயிடுது. இப்ப செவுத்துக்குள்ள பைப்பு கசியுதுன்னு வெச்சுக்கோ, வெளிய ஈரம் தெரியறதுக்கு நாளாவும். ஆனா ஒரு வாடை மொதல்லயே வந்துடும்ல? அது மாதிரி, மூளை அடிபட்டா அதுலேர்ந்து ஒரு பொருள் ரத்தத்துல வந்து கலக்குது. அத அளந்து பாத்தா முன்னாடியே கண்டுபிடிக்கலாமான்னு டாக்டருங்க பாக்குறாங்க. பிழிஞ்சோம்னா ரத்த அணு உடையும். உடைஞ்ச அணுவுலேர்ந்தும் அதே பொருள் வரும். அப்புறம் இல்லாத கசிவ இருக்குதுன்னு காட்டும். பெத்தவங்க வயித்துல புளிய கரைக்கணுமா?"

அந்த ஆராய்ச்சியில் எண் கூடுதலாக வந்தால், மூன்றாம் நாள் வரை காத்திருக்காமல் அன்றைக்கே தலைக்கு ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். அதற்கு முதல் ரத்தத்தைப் பிறந்த ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். முதல் ரத்தம் தவறினால் அந்தக் குழந்தையைச் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். இதையும் அவரே சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஏன் பார்க்கவில்லை என்று எனக்குத் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

அவர் காவேரிப்பாக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வருவார். நாங்கள் வெயில் முகம் பார்த்தே எத்தனையோ நாளாகியிருந்தது. ஜன்னல் இருந்தது, அதற்கு வெளியே இன்னொரு கட்டடத்தின் ஏ.சி. பெட்டிகள்தான் தெரியும். அவர் உள்ளே வந்து கை கழுவியதும் முதல் சேதி ஏரியைப் பற்றியதாக இருக்கும். "இன்னிக்கு மூணாவது படி வரைக்கும் தண்ணி ஏறிடுச்சு." மறுநாள், "கொக்கு வந்திருக்குது, அவ்ளோ கொக்கு." ஒரு பெண், எடைக்கு எடை தங்கம் கொடுத்தாலும் சிரிக்கமாட்டாள், அவளே ஒருநாள், "சிஸ்டர், ஏரி ரொம்பிடுச்சா?" என்று தானாகக் கேட்டாள். எங்களில் பாதிப் பேர் காவேரிப்பாக்கம் ஏரியைப் பார்த்ததே இல்லை. ஆனாலும் அது நிரம்ப வேண்டும் என்று எல்லோருக்கும் ஆசையாக இருந்தது.

அவருடைய இன்னொரு பிடிவாதம் கையெழுத்து. எங்கள் பக்கத்தில் பிள்ளை பெற்றவளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. புருஷனோ மாமியாரோ முடிவு செய்துவிட்டு, காகிதத்தை நீட்டினால் அவள் கையெழுத்துப் போடுவாள். சொட்டு சிஸ்டர் இதற்கு ஒப்பமாட்டார். என் பக்கத்துக் கட்டில் பெண்ணின் புருஷர் வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்பவர், தங்கமான மனிதர். "குடுங்கம்மா, நான் போடுறேன். அவ இன்னா சொல்லப்போறா?" என்று பேனாவை எடுத்துவிட்டார்.

"வேணாம்னு சொன்னாலும் சொல்லுவாங்க பாய். அத கேக்கத்தானே வந்தேன்."

"நானே சரின்னு சொல்றேன், அப்புறம் இன்னா பேஜாரு?"

"கொழந்த உங்களுது. இப்பத்தான் அறுத்த வயிறு அவங்களுது. ஒரு வார்த்த கேட்டுடறேன்."

அந்தப் பெண் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, முழுக்கக் கேட்டுவிட்டு, "வேணாம் சிஸ்டர், இவ்ளோண்டு பிள்ள, ரத்தம் எடுக்கவேணாம்" என்று சொல்லிவிட்டாள். புருஷருக்கு முகம் சுருங்கியது. இவர், "சரிம்மா" என்று காகிதத்தை மடித்து வைத்துக்கொண்டார். இன்னொரு தடவை கேட்டிருந்தால் அவள் சம்மதித்திருப்பாள் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருக்கும் தெரியும். மறுநாள் அந்தக் கட்டிலுக்கும் வந்து ஏரியைப் பற்றிச் சொன்னார். எங்கள் முன்னாலேயே ஆராய்ச்சி டாக்டர் ஒருவர், "இந்த மாசமும் ஜாஸ்தி கேஸ் வரலயே சிஸ்டர், கொஞ்சம் பேசி சம்மதிக்க வையுங்க" என்று கடிந்துகொண்டார். "சரிங்க சார்" என்றார். ஆனால் யாரையும் பேசிச் சம்மதிக்க வைக்கவில்லை.

பால் பீய்ச்சும் அறையில் நடந்ததையும் சொல்லவேண்டும். எங்கள் பிள்ளைகளுக்குச் சப்பத் தெம்பில்லை. நாங்கள் வரிசையாக உட்கார்ந்து கையால் பாலைப் பீய்ச்சிச் சின்னக் கிண்ணத்தில் பிடித்துக் கொடுத்தால், மூக்கு வழியாகப் போட்ட குழாயில் விடுவார்கள். மற்றவர்கள் கிண்ணத்தில் அரை விரற்கடை நிற்கும். என் கிண்ணத்தின் அடி நனைந்திருக்கும். பால் அறை நர்ஸ், "நல்லா அமுக்கும்மா, பிள்ளைக்கு இன்னாத்த குடுக்கறது?" என்றாள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. யாரையோ தேடி வந்த சொட்டு சிஸ்டர், தேடி வந்தவளை விட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"தோல்ல கொற இருக்குதுன்னு எப்படி கண்டுபிடிப்ப?"

இவருக்கு இப்போதுதானா இது என்று எரிச்சல் வந்தது. இருந்தாலும் சொன்னேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பிடிக்கவேண்டும். லேசாக இழுத்துப் பார்க்கவேண்டும். ஆடு குட்டியாக இருந்தபோது முள் கீறியிருந்தாலும், உண்ணி கடித்திருந்தாலும் அந்தத் தழும்பு தோலில் இருக்கும். சாயம் போட்டு மறைத்திருந்தாலும் இழுத்தால் தெரிந்துவிடும். சில்வர் பேனாவால் வட்டம் போட்டுத் தள்ளிவிடுவேன்.

"நீ தள்ளிட்டா அத இன்னா பண்ணுவாங்க?"

"சின்ன பர்ஸ், கீ செயினு. தூக்கி எறிய மாட்டாங்க சிஸ்டர்."

"அப்போ சரி" என்றார். அவர் எழுந்து போனபிறகு பார்த்தேன், கிண்ணத்தில் கொஞ்சம் பால் இருந்தது. என் பாப்பாவுக்கு நான் கொடுத்த முதல் பால் அது. அதற்காக அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டாலும் தகும் என்று தோன்றியது. அவரைப் பார்க்கவே முடியாமலும் இருந்தது.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

எனக்கு ஏழாம் மாதம் ரத்த அழுத்தம் ஏறி, எங்கள் ஊர் கணியம்பாடியிலிருந்து ஆம்புலன்சில் கொண்டுவந்து, முழு மயக்கம் கொடுத்து அறுத்தார்கள். காலை பதினோரு மணிக்குப் பாப்பா பிறந்தாள். ஒரு கிலோவுக்கும் குறைவு. எனக்குக் காட்டாமலே மாடிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். எனக்கு நினைவு வந்தபோது மத்தியானம். கட்டிலருகே என் கணவரும், அவருடைய அம்மாவான அத்தையும் இருந்தார்கள். "பாப்பா?" என்று கேட்டேன். "நல்லா இருக்குது, நீ தூங்கு" என்று அத்தை சட்டென்று சொன்னாள். அந்தச் சட்டென்று எனக்குப் பிடிக்கவில்லை.

பச்சை உடம்புக்காரியிடம் எங்கள் ஊரில் யாரும் உண்மையைச் சொல்லமாட்டார்கள். என் சின்னம்மா செத்துப் பிறந்த பிள்ளைக்காக ஐந்து நாள் மார்பில் துணி கட்டிக்கொண்டு காத்திருந்தாள்; எல்லோரும் "ஐ.சி.யு.ல இருக்குது" என்று அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதனால் பிள்ளை பெற்றவள் உண்மை தெரிந்துகொள்ள ஒரே வழிதான் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு கிடக்கவேண்டும். தூங்குகிறாள் என்று நினைத்தால்தான் பேசுவார்கள். நானும் கண்ணை மூடிக்கொண்டேன்.

இரண்டு மணி இருக்கும். செருப்புச் சத்தம் வந்து கட்டிலருகே நின்றது. ஒரு பெண் குரல் மெதுவாக, "கொழந்தையோட அம்மா இவங்களா? தூங்குறாங்களா?" என்றது.

"மயக்கம் தெளியலைங்க. இன்னா விஷயம்?" என்றார் என் கணவர்.

அந்தக் குரல் சொல்ல ஆரம்பித்தது. குழந்தை, மூளை, ரத்தம், கசிவு. என் காதில் அந்த நாலு சொற்கள்தான் விழுந்தன. முடிந்தது என்று நினைத்தேன். வயிற்றுத் தையல் இழுக்க, மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன்.

"நான் கையெழுத்து போடுறேன், எடுத்துக்கங்க" என்றார் கணவர்.

"அவங்களயே கேட்டுடறேன் சார். லேசா எழுப்பட்டுமா?"

"எழுப்பாதம்மா!" இது அத்தை. "பச்ச ஒடம்பு. மூள கீளன்னு சொன்னா அவளுக்கு ஜன்னி கண்டுரும்."

"சரிங்க. அஞ்சு மணி வரைக்கும் டைம் இருக்குது. முழிக்கட்டும்."

ஸ்டூல் இழுக்கும் சத்தம் கேட்டது. அவர் என் தலைமாட்டில் உட்கார்ந்துகொண்டார்.

நான் முழித்துக்கொண்டுதான் இருந்தேன். போகப் போக எனக்குப் புரிந்தும் விட்டது. பாப்பா உயிரோடு இருக்கிறாள், இது ஏதோ பரிசோதனை, கொஞ்சம் ரத்தம் கேட்கிறார்கள். இதை நான் மறைத்துப் பயனில்லை. கண்ணைத் திறந்து "எடுத்துக்குங்க" என்று சொல்ல ஒரு நொடி போதும். திறக்கவில்லை. திறந்தால் இன்னும் ஏதாவது சொல்வார்கள், நான் ஏதாவது முடிவு செய்யவேண்டும். இவ்வளவு நேரம் தூங்குகிறாள் என்று பேசியவர்கள் முன்னால் திடீரென்று முழிக்க வெட்கமாக இருந்தது. சோம்பலாகவும் இருந்தது. பெற்ற பிள்ளை விஷயத்தில் ஒரு தாய்க்குச் சோம்பல் வருமா என்று கேட்காதீர்கள். வந்தது.

மூன்று மணி நேரம் அவர் அங்கே உட்கார்ந்திருந்தார். இடையில் என் போர்வையை ஒருமுறை சரிசெய்தார். ஐந்து மணிக்கு எழுந்து, "பரவால்லங்க, தூங்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார். செருப்புச் சத்தம் முழுக்கத் தேய்ந்தபிறகு நான் கண்ணைத் திறந்தேன்.

மூன்றாம் நாள் பாப்பாவின் உச்சந்தலையில் பசை தடவி ஸ்கேன் எடுத்தார்கள். இரண்டு பக்கமும் கசிந்திருந்தது. இடது பக்கம் ரொம்ப. நான் பெரிய டாக்டரிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன், முதல் நாளே தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று. அவர் நல்லவர், மழுப்பவில்லை. "தலைய நேரா வச்சு, பாப்பாவ ஆட்டாம அசைக்காம, பி.பி.ய இன்னும் கவனமா பாத்திருப்போம். அதனால கசிவு பெருசாகாம இருந்திருக்குமான்னு யாராலயும் சொல்ல முடியாதும்மா." யாராலும் சொல்லமுடியாத அந்த ஒன்றைத்தான் நான் இன்றுவரை சுமந்துகொண்டிருக்கிறேன்.

எழுபது நாள் அங்கே இருந்தேன். எழுபது நாளும் சொட்டு சிஸ்டர் எங்கள் பாப்பாவின் பெட்டியருகே வந்து நிற்பார். ரத்தம் எடுக்க அவருக்கு அங்கே வேலையில்லை. கைகளைத் தேய்த்துச் சூடாக்கி, பாப்பாவின் பாதத்தைக் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்துவிட்டுப் போவார். அன்று முழித்திருந்ததைப் பற்றி நான் ஒருநாளும் வாய் திறக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை வளர்ச்சி பார்க்கும் கிளினிக்குக்கு வரச்சொன்னார்கள். பாப்பா சிரித்தாள், என் குரலுக்குத் திரும்பினாள். உட்காரவில்லை. ஒன்றரை வயதில் கால்கள் கத்தரிபோலப் பின்னிக்கொண்டு விறைத்தன. நான் வேலையை விட்டேன். "வயித்துல ஒழுங்கா வெச்சிருந்தா இப்படி ஆவுமா?" என்று அத்தை கேட்கத் தொடங்கினாள். முதலில் பக்கத்து வீட்டுக்காரியிடம், பிறகு என் முகத்துக்கு நேராக. என் கணவர் ஷிஃப்ட் முடிந்து வந்து, தோல் வாடை போகக் குளித்துவிட்டு, பாப்பாவின் கால்களுக்கு எண்ணெய் தடவுவார்.

பாப்பாவின் இரண்டு வயதுப் பரிசோதனைக்குப் போனபோது சொட்டு சிஸ்டரை அந்தக் கிளினிக்கில் பார்த்தேன். ரத்தசோகைக்காகப் பிள்ளைகளின் விரலில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் ஒரு குழந்தை. அவர் கைகளைச் சூடாக்கவில்லை. குத்தினார், உடனே விரலை அமுக்கினார், மறுபடியும் அமுக்கினார். குழந்தை வீறிட்டது. நான் வேறு யாரையோ பார்க்கிறேன் என்று நினைத்துக்கொண்டு அட்டையைப் பார்த்தேன். அவரேதான்.

எங்களைப் பார்த்ததும் எழுந்து வந்தார். பாப்பாவின் கால்களைப் பார்த்தார். ஏரியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. வெளியே தாழ்வாரத்துக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். என் கணவர் பாப்பாவைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்திலேயே நின்றார்.

"உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். ரெண்டு வருசமா சொல்லணும்னு இருக்கேன். அன்னிக்கு நான் உங்கள எழுப்பியிருக்கணும்மா. தோள்ல ஒரு தட்டு தட்டியிருந்தா போதும். சார் கையெழுத்து போடுறேன்னாரு, நான்தான் வேணாம்னேன். மூணு மணி நேரம் பக்கத்துலயே குந்திக்கினு இருந்தேன், உங்கள ஒரு தடவ தட்டல."

"விடுங்க சிஸ்டர், அதெல்லாம்..." என்றேன்.

"அதுக்கப்புறம் ஒரு அம்மாவையும் நான் தூங்க விடல. உலுக்கி எழுப்பிடறேன். அவங்க வேணாம்னா திரும்பத் திரும்பக் கேக்கறேன். கையும் கெட்டுப்போச்சு. சொட்டு வர்ற வரைக்கும் நிக்க முடியல, டைம் போவுது டைம் போவுதுன்னு உள்ள அடிச்சுக்குது, கை தானா அமுக்குது. உடைஞ்ச ரத்தம்னு லேபுல பாதி ட்யூப திருப்பி அனுப்பிட்டாங்க. அதான் இங்க மாத்துனாங்க. இங்கயும் முடியல. இந்த மாசத்தோட நின்னுடறேன்னு எழுதிக் குடுத்துட்டேன். போறதுக்குள்ள உங்கள பாத்துடணும்னு இருந்தேன்."

நான் முழிச்சிட்டுத்தான் இருந்தேன் சிஸ்டர். இவ்வளவுதான் வாக்கியம். தொண்டை வரை வந்தது. அதைச் சொன்னால் அவர் கை அன்றே குணமாகியிருக்கும். அது எனக்கு நன்றாகத் தெரிந்தது. என் கணவர் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தோளில் பாப்பா விறைத்த கால்களோடு தூங்கிக்கொண்டிருந்தாள். இந்த வாக்கியம் அவர் காதில் விழுந்தால் ராத்திரிக்குள் அத்தை காதில் விழும். அப்புறம் அந்த வீட்டில் நான் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு இருப்பேன்?

"என்னை மன்னிச்சிடுங்கம்மா" என்றார்.

"மன்னிச்சிட்டேன் சிஸ்டர்" என்றேன்.

என் கணவரும், "உங்க மேல எங்களுக்கு வருத்தமே இல்லைங்க" என்றார், மனசாரச் சொன்னார். சொட்டு சிஸ்டர் அழுதார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னைவிட இருபது வயதாவது மூத்தவர், இரண்டு கையையும் கூப்பி என்னைக் கும்பிட்டார்.

நான் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டேன்.